முதலிடம்

ஊழியர்களின் மென்பொருள் கோரிக்கைகளில் எதை முதலில் நிறைவேற்றுவதென்று வரிசைப்படுத்தும் மெஷினை, செபு நகர அலுவலகத்தில் எல்லார் முன்னும் டிண்டோ ஓட்டிக் காட்டினான். தேறாவிட்டால் அவனுடைய ஒரு வருட உழைப்பு வீண்.

"சம்பளச் சீட்டு திறக்கலைங்கறது ரெண்டாவது. கணக்குப் பிரிவு மாரிவிக், பட்டனை நீலமாக்கச் சொன்னது முதலாவதா?" மேலாளர் லூர்தெஸ் மேடம் சீறினார். "எதைப் பார்த்துக் கத்துக்கிச்சு இது?"

"மூணு வருஷமா நான் எதை முதல்ல செஞ்சேனோ... அதைப் பார்த்துதான் மேடம்."

அறையே "ஓஹோ!" என்று கூவியது. டிண்டோ தலைகுனிந்தான்.

மாரிவிக் எழுந்தாள். "மெஷின் தப்புதான் மேடம். பட்டன் எந்த நிறமா இருந்தா எனக்கென்ன?"

டிண்டோவின் முகம் வாடியது.

"அப்புறம் ஏம்மா கேட்டே?"

"மாத்தினதைக் காட்ட இவர் நேர்ல வருவாரே!"

மேடம் சிரித்துவிட்டார். "மெஷினைத் திருத்த ஒரு வாரம் தர்றேன், டிண்டோ. இவகிட்ட பேச இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான்!"