மின்னும் தூசு

அறுவை அரங்கில் ஒருவரின் இடுப்பு திறந்து கிடந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் அவளுடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் இரண்டு மாடிக்கு மேலே, திசு பார்க்கும் மருத்துவர். கீழிருந்து வந்த சதைத் துணுக்கைப் பார்க்க நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள்.

முன்பெல்லாம் பதிலைச் சொல்லத் தானே படியிறங்கி ஓடுவாள். இப்போதெல்லாம் போன்தான்.

கீழே இருப்பவருக்கு என்றைக்கோ வைத்த செயற்கை மூட்டு ஆட்டம் கண்டுவிட்டது. உள்ளே கிருமி என்றால், கழற்றிவிட்டு மூட்டே இல்லாமல் மாதக்கணக்கில் படுக்கை. இல்லையென்றால் இன்றைக்கே புதியது.

கிருமியோடு மல்லுக்கு நிற்கும் செல்களைத் தேடினாள். பேருக்குக்கூட ஒன்று இல்லை.

இருந்தது வேறு கூட்டம். கண்டதையும் விழுங்கித் துப்புரவு செய்கிற செல்கள். வயிறு புடைத்து நின்றன. ஒளியை மாற்றியதும் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் மின்னியது. மூட்டு தேயத் தேய உதிர்ந்த பிளாஸ்டிக் தூசு.

பாவம், அவற்றைச் சொல்லியும் குற்றமில்லை. அந்நியன் வந்தால் விழுங்கு என்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த ஒரே வேலை. விழுங்கின. செரிக்கவும் இல்லை, துப்பவும் வழியில்லை. ஊரைக் கூட்டின.

கூப்பாடு கேட்டு வந்தவை எலும்பைக் கரைக்கும் செல்கள். பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. எலும்புதான் போயிற்று. வீட்டைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று சொந்தச் சுவரையே இடித்திருந்தன.

பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ பேருடையதைப் பார்த்தவள். இன்றைக்குத்தான் பயமாக இருந்தது.

போன் அடித்தது. அறுவை மருத்துவர்.

"கிருமி இல்ல. எல்லாம் தேஞ்ச தூசுதான். புதுசே வச்சிடுங்க" என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. நல்லவேளை நீங்கள் இருந்தீர்கள், அடுத்ததையும் உங்களிடமே அனுப்புகிறேன் என்றார்.

"அடுத்ததுக்கு வேற ஆளப் பாத்து வைங்க, டாக்டர். அவங்கவங்க சதைய அவங்கவங்களே பாக்கக் கூடாதுல்ல."



போனை வைத்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடது காலை மெல்ல ஊன்றினாள். என்றைக்கோ அவர் அவளுக்கு வைத்த மூட்டு உள்ளே ஒருமுறை அசைந்து நிற்கும்வரை காத்திருந்துவிட்டு நடந்தாள்.