பக்கத்து நம்பர்

கொடைக்கானலில் வெள்ளனே முதல் பஸ் பிடித்து, மதுரையில் மத்தியானம் எம்.ஏ. பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தாள் சுலைகா. மை நிரப்பிய பேனா ஒன்றைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

“அந்த நம்பர் யாரும்மா?” என்றார் மேற்பார்வையாளர்.

“எங்க வீட்டுக்காரரு சார். சேர்ந்தே படிச்சோம், சேர்ந்தே விண்ணப்பம் போட்டோம். பேனாவை எப்பவும் மறந்துடுவாரு.”

“இன்னும் காணோமே. மலை பஸ் லேட்டா?”

“நான் அதுலதாங்க வந்தேன்.”

“அவரை விட்டுட்டா? வீட்டுல சண்டையோ?” என்று சிரித்தார் அவர். “சரி, அஞ்சு நிமிஷம் பார்ப்போம்.”

“வேணாம் சார், கேள்வித்தாளைக் குடுங்க. அவரு தவறிப்போயி, நாலு மாசம் பத்து நாள் இத்தாவுல இருந்துட்டு, இன்னிக்குத்தான் வாசப்படி தாண்டுனேன்.”

அவர் ஒரு தாளை மட்டும் கொடுத்தார். பக்கத்து மேசைப் பேனாவை எடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.