ரெஜினா ஆன்ட்டிக்காக நடந்த அடிகள்

இந்த வாரம் குரோஷா ஊசியால் ஒரு சின்னப் பை பின்னினேன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறேன். உள்ளே இருப்பது எதிர்வீட்டு ரெஜினா ஆன்ட்டியின் அடிகளை எண்ணும் நடைப்பட்டை.

எங்கள் குடியிருப்பில் தினமும் ஆறாயிரம் அடி நடந்தவர்களுக்குத்தான் மறுநாள் லிஃப்ட் திறக்கும். ஆன்ட்டிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, வீடோ எட்டாவது மாடி. விலக்கு கேட்டு எழுதிய மனுவுக்குப் பதில் வரவில்லை. நான்கு மாதமாக, அதிகம் பேசிக்கொள்ளாமலேயே, அவருக்கும் சேர்த்து நானே நடக்கிறேன். புது இயர்போன் பாட்டின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் நாளுக்குப் பதினோராயிரத்தைத் தொட்டுவிட்டேன்.

இன்று அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்க இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் திரையில் ஆன்ட்டியின் நடைக்கணக்கைப் பார்த்தார்.

"பதினோராயிரம் அடி, அதுவும் இந்த வேகத்துல! ஆபரேஷன் எதுக்கும்மா? இப்படியே நடங்க, போதும்."

ஆன்ட்டி என் கையைக் கிள்ளி, "வாயத் தொறக்காதடி. லிஃப்ட்ட மூடிட்டா நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?" என்று முணுமுணுத்தார்.

நான் பையை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

"அதெல்லாம் நான் நடந்தது, டாக்டர்."

டாக்டர் அதைத் திரையில் பதிந்துவிட்டு, பதினெட்டாம் தேதி அறுவை சிகிச்சை என்று எழுதிக்கொடுத்தார். நாங்கள் திரும்பி வருவதற்குள் இருவருக்கும் லிஃப்ட் ஆறு மாதத்துக்கு மூடப்பட்டிருந்தது.

மூன்றாவது மாடிப் படியில் ஆன்ட்டி உட்கார்ந்துவிட்டார்.

"வருஷக்கணக்கா எதிர்வீட்ல இருக்க, ஒரு குட்மார்னிங் சொன்னதில்ல. இன்னிக்குத்தான் உனக்குப் பேச்சு வரணுமா?"

நான் ஒரு படி கீழே இறங்கிக் குனிந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.