புது ஈமெயில்

பாயிஸைக் கடல் கொண்டுபோனதைத் தோணிக்காரர்கள் கண்டார்கள். அடக்குவதற்கு ஜனாஸா மட்டும் கிடைக்கவில்லை. அவன் மனைவி ஷிம்லா, கணவனை இழந்தவள் வெளியே போகாமலிருக்கும் இத்தா இருந்தபடியே, வீட்டுக்குள்ளிருந்து கருவாட்டு வியாபாரத்தைப் பார்த்தாள். பழைய ஈமெயிலின் பாஸ்வேர்ட் அவனோடு போய்விட்டதால், பாயிஸ் போன நாளிலிருந்து கடலில் இறங்காத அவள் தம்பி றிப்னாஸ், நம்பகமான ஒரு புதுச் சேவையைத் தேடிப்பிடித்தான்.

"காசு கட்டுற சேவை, ராத்தா. விலாசம் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

"ஓடர் ஒண்டும் தவறாதே?"

"ஓம், எங்கயிருந்து அனுப்பினாலும் வந்துசேரும்."

அப்போதே ஷிம்லாவின் போனில் முதல் மெயில் வந்தது. அனுப்பியவர் பாயிஸ்.

"வலை இழுக்க ஆள் காணாது. றிப்னாஸ அனுப்பு."

ஷிம்லா நிமிர்ந்தாள். தோணிக்குப் போகிறவர்களைப் போல, றிப்னாஸ் தன் போனைத் தண்ணீர் படாதபடி பொலித்தீன் பையில் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.