முப்பது நாள் கெடு

எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான் அழகுராஜா. குரல் பிசகவில்லை.

“என் பொண்டாட்டிக்கு இந்தச் சீக்கு என்னால வரல. பொய் சொன்னா கருப்பு என்னைய எடுத்துக்கிறட்டும்.”

அடுத்து திவ்யாவின் முறை. புருஷனைத் தவிர வேறு ஆம்பளையை அறிந்ததில்லை என்று சொல்லிச் சூடத்தை அணைத்தாள். சூடு பட்டதும் அவள் கையை உதறியதைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

சோழவந்தான் பக்கத்து அந்தக் கருப்பசாமி கோயிலில் சத்தியம் செய்துவிட்டால், அப்புறம் தீர்ப்பு மனுஷன் கையில் இல்லை. கெடு முடிவதற்குள் யார் உடம்பு படுக்கிறதோ, அவர் சொன்னது பொய். படுத்தவர் வீட்டை விட்டுப் போக வேண்டும், ஆறு வயது ஆர்த்திகா மற்றவரிடம் இருப்பாள் என்பது பேச்சு.

“வழக்கம்போல எட்டு நாள் வச்சிருவமா?” என்றார் ஊர்ப் பெரியவர் மொக்கைச்சாமி.

“எட்டு பத்தாது பெரியப்பா, முப்பதா வைங்க,” என்றான் அழகுராஜா. “சாமிக்கும் டயம் குடுக்கணும்ல.”

“தப்பு பண்ணவன் பேசுற பேச்சாய்யா இது?” என்று கூட்டத்தில் ஒருவர் மெச்சினார்.

கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு மாதத்துக்கு முன்பு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்காக ரத்தம் சோதித்தபோதுதான் திவ்யாவுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அழகுராஜாவுக்கும் பார்த்தார்கள், இருந்தது. குழந்தைக்கு இல்லை.

அப்போது மதுரையில் மாத்திரை கொடுக்கும் சென்டரில் கவுன்சிலர் ஃபர்ஹா இருவரையும் உட்கார வைத்து ஃபைலைத் திறந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே, “எங்க ரெண்டு பேருக்கும் கவுண்ட் எம்புட்டு மேடம்?” என்று கேட்டான் அழகுராஜா.

கவுண்ட் என்றால் என்னவென்றே திவ்யாவுக்குத் தெரியாது. நோயை எதிர்க்கிற அணுக்களின் அளவு என்று ஃபர்ஹா விளக்கினார். அவனுக்குத் தொள்ளாயிரம், அவளுக்கு நூற்றி எழுபது.

மாமியார் ஒச்சாயிக்கு அது போதுமானதாக இருந்தது. “யாருக்கு முத்தியிருக்கோ அவதான கொண்டாந்தவ? தலப்பிரசவத்துல சோதிச்சப்ப இல்லாத சீக்கு, டவுனு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனப்புறம் எங்கிட்டிருந்துடி வந்துச்சு?”

எங்கிருந்து வந்ததென்று திவ்யாவுக்கும் தெரியவில்லை.

சத்தியத்துக்குப் பிறகு, காலையில் மகளுக்குச் சடை பின்னும்போது கெடுவில் ஒவ்வொரு நாளாகக் கழித்தாள். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. பதினெட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. இருபத்திரண்டில் கழுத்தில் கட்டி புடைத்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சோறாக்கினாள்.

இருபத்தைந்தாம் நாள் அடுப்படியிலேயே விழுந்தாள். அழகுராஜா அன்றைக்குத்தான் வெற்றிலைக் கட்டுகளைத் தனியாளாக வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்திருந்தான்.

“காட்டிக் குடுத்திருச்சு பாத்தீகளா கருப்பு!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள் ஒச்சாயி. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்ட ஆர்த்திகாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது திவ்யாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. தெய்வம் பொய் சொல்லுமா? எப்போதோ போட்டுக்கொண்ட ஊசிகளையெல்லாம் நினைத்து நினைத்துப் பார்த்தாள்.

“சாமி என்னையத்தான மேடம் கை காட்டுது?” என்று, பார்க்க வந்த ஃபர்ஹாவிடம் கேட்டாள்.

“சாமி இல்லம்மா, ஒடம்பு. ஒனக்குள்ள மறைஞ்சு கெடந்த டிபி இப்ப வெளிய தெரியுது, அம்புட்டுத்தான். இந்தக் கிருமி ஆளுக்கு ஒரு வேகத்துல போகும். சில பேரு ஒடம்பு பொறவியிலேயே அத அமுக்கி வச்சுக்கிரும். மாத்திர இல்லாமலே பத்து வருசம், பதினஞ்சு வருசம்கூட ஒண்ணும் தெரியாது. சில பேர ரெண்டு மூணு வருசத்துலயே சாச்சுப்புடும். மொதல்ல படுத்தவங்கதான் மொதல்ல வாங்குனவங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்ப, எனக்கு முன்னாடியே அவருக்கு இருந்திருக்கலாமா?”

“யாருக்கு வேணா இருந்திருக்கலாம். நீ மாத்திரைய விடாமச் சாப்புடு, நல்லா எந்திரிச்சு நடப்ப.”

ஒரு மாதம் கழித்து எழுந்து நடந்தாள். நடக்க முடிந்த அன்றே பஸ் ஏறிச் சோழவந்தானில் இறங்கினாள். வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்துக் கொட்டகையில் அழகுராஜா தனியாக உட்கார்ந்து இலை அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஃபர்ஹா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கை நிறுத்தாமல் கேட்டான்.

“கல்யாணத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சோ, அத நான் கேக்க மாட்டேன் மாமா. நீங்க தெரியாமத்தான சத்தியம் பண்ணீங்க? ஆனா கருப்பு சும்மா விடாது, ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா புள்ளைக்கு யாரு இருக்கா? வாங்க, ஊரு முன்னாடி சொல்லி ஒரு கெடா வெட்டிருவோம். எனக்குப் பயமா இருக்கு.”

அழகுராஜா எழுந்து வாசல் வரை போய், வெளியே யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு வந்தான். ஈரச் சாக்கை எடுத்து வெற்றிலை மேல் போர்த்தினான்.

“பதினோரு வருசமா இத ஒடம்புல வச்சுக்கிட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல, அந்த முப்பது நாள்ல என்னடி ஆயிருக்கப் போகுது?”