இரண்டையும் வைத்துக்கொள்

புதிதாக நிரல் எழுத வந்தவர்களுக்கு ஒரே கோப்பின் பல பிரதிகளையும் மாற்றங்களையும் ஒன்றுசேர்க்கும் 'கிட்' (Git) மென்பொருளை நான் சொல்லித்தருகிறேன். பயிற்சிக்கு வகுப்பின் இருக்கைப் பட்டியலையே கோப்பாகக் கொடுத்தேன். சுருட்டை என்கிற மாணவன் லேப் கணினியில் தன் பெயரை முன்வரிசையில் எழுதினான். வீட்டு லேப்டாப்பில் அதையே ஜன்னலோரம் என்று மாற்றினான். இரண்டு பிரதிகளையும் சேர்க்கும்போது, எந்த வரி வேண்டும் என்று கிட் கேட்டது. பயந்துபோய் 'இரண்டையும் வைத்துக்கொள்' என்பதை அழுத்திவிட்டான். கற்றுக்குட்டிகள் எல்லோரும் செய்வதுதான்.

மறுநாள் சுருட்டை முன்வரிசையில் இருந்தான். ஜன்னலோரமும் இருந்தான். வருகை எடுத்தபோது இருவரும் "உள்ளேன்" என்றார்கள்.

அவன் அம்மா போன் செய்தார். "தம்பி, சாயங்காலத்துக்குள்ள ஏதாவது பண்ணுங்க. வீட்ல ஒரே கட்டில்தான் இருக்கு."

கோப்பைத் திறந்தேன். ஒரு வரியை அழித்தால் போதும்.

"எவன்டா ஒரிஜினல்?" என்று இருவரையும் கேட்டேன்.

"நீங்கதானேண்ணா சொன்னீங்க, கிட்ல எல்லா காப்பியும் ஒரிஜினல்தான்னு!"

இடைவேளையில் ஜன்னலோரத்தவன் தண்ணீர் குடிக்கப் போனான். முன்வரிசைக்காரன் மெதுவாக என் அருகில் வந்தான்.

"அண்ணா, அவன் பாவம்தான். ஆனா அவனை எடுத்துருங்க."

மௌஸில் கை வைத்தேன். போன் அதிர்ந்தது. ஜன்னலோரத்தவன் செய்தி அனுப்பியிருந்தான்.

'அண்ணா, அவன் பாவம்தான். ஆனா அவனை எடுத்துருங்க.'