ஓசிக் காற்று

காற்றைக் காசு கொடுத்து வாங்குகிற ஆள் இந்த லைடன் நகரத்திலேயே யோஸ்ட் ஒருவன்தான் என்று அவன் மனைவி ஃபெம்கே காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"எதிர்த்தாப்ல சைக்கிள் கடை வாசல்ல பம்பு தொங்குது. ஊரே ஓசியில அடிச்சுக்கிட்டுப் போகுது. உனக்கு மட்டும் என்ன கேடு?"

யோஸ்ட் புதுக் கைப்பம்பைக் கோட்டுப் பையில் செருகினான். விரல் நீளப் பம்பு பைக்குள் அடங்கும். ஆனால் ஒரு டயர் நிரம்புவதற்குள் ரயில் போய்விடும். அதனால் முழங்கை நீளத்தில் வாங்கியிருந்தான். அது பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"சுமை குறையணும்னுதானே மடக்கு சைக்கிள் வாங்கின? இப்ப கையில சைக்கிள், பையில பீரங்கி. ரயில்ல போலீஸ் பிடிச்சா என்னைக் கூப்பிடாதே. ஆமா, கடைக்கார ரூலோஃப் ஏதாச்சும் சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல. நேத்து நான் அவன் பம்புல அடிச்சு முடிக்கிற வரைக்கும் காப்பியும் கையுமா வாசல்ல நின்னு சிரிச்சான்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். காத்துதானே?"

யோஸ்ட் பம்பை உருவி மேசைமேல் டொக்கென்று வைத்தான்.

"இந்த மேசை அவன் செஞ்சது. நான் படுக்கிற கட்டில் அவன் வாங்கினது. நாய் அவன் வளர்த்தது. நீயும் அவனோட குடும்பம் நடத்திட்டு வந்தவ. டயர்ல இருக்கிற காத்தாவது என்னோடதா இருக்கட்டுமே!"



நாய் ஜன்னலில் முன்னங்கால்களை ஊன்றி, எதிர்க்கடையைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.